நீர் மேலாண்மை படிக்கணும், குமரியில இருந்து எங்கே தொடங்குறது?

வயல்கரைமகள் | மார்ச் 9, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஊர் திருப்பதிசாரம் பக்கம். சிவில் முடிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. இப்போ நாகர்கோவில்ல ஒரு கட்டட ஒப்பந்தக்காரர்கிட்ட தள மேற்பார்வை பாக்கேன்.

போன மாசம் ஒரு மனைக்கு எல்லை அளக்கப் போனோம். மனைக்குப் பின்னால அஞ்சடி அகலத்துல ஒரு பள்ளம், புல் மூடிக் கிடந்தது. மறுநாள் லாரி லாரியா மண் கொட்டி அதையும் சேர்த்து நிரப்பிட்டாங்க. பக்கத்து வயல்ல நின்ன ஒரு பாட்டி, "மக்கா, அது குளத்துக்குத் தண்ணி வர்ற வரத்துக்கால்லா"ன்னு சொன்னாங்க. அளவு நாடாவோட ஒரு முனையைப் பிடிச்சிருந்தது நான். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

2021 நவம்பர் மழையில எங்க வயல் பல நாள் தண்ணிக்குள்ள கிடந்தது. ரெண்டாம் போகம் கும்பப்பூவுக்கு நட்ட நாத்து அழுகிப் போச்சு. அப்போ நான் காலேஜ் படிச்சிட்டிருந்தேன். "நீ சிவில்தானே படிக்க, இந்தத் தண்ணி ஏன் வடியல சொல்லு"ன்னு அப்பா கேட்டாரு. பதில் தெரியல. எங்களுக்குப் பாசனப் பொறியியல் ஒரே ஒரு செமஸ்டர். பெரிய அணை, பெரிய கால்வாய், கணக்கு. வயலுக்குத் தண்ணி திறந்து விடுற மடை, குளம் நிறைஞ்சா மிச்சத் தண்ணி வழியுற மறுகால் எல்லாம் பாடத்துல வரவே இல்ல.

இந்த வேலையை விட்டுட்டு நீர் மேலாண்மையும் நீர்நிலை மீட்பும் முறையா படிக்க ஆசை. எங்கே படிக்கலாம்? படிச்சா பிழைப்பு உண்டா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிண்டி_விடுதி | மார்ச் 9, இரவு 11.05

சகோதரி, எனக்குச் சொந்த ஊர் தக்கலை. அண்ணா பல்கலைக்கழகத்துல, கிண்டியில, நீர்வள மையத்துல எம்.இ. படிக்கிறேன். சிவிலோ வேளாண் பொறியியலோ முடிச்சவங்க சேரலாம். முதுகலைப் பொறியியலுக்கான கேட் தேர்வு மதிப்பெண்ணோ மாநில நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணோ வேணும். இங்கே பிடிச்ச விஷயம், ஒரே வகுப்புல நீரியலும் சொல்றாங்க, விவசாயிகள் சங்கம் எப்படி நடக்குதுன்னும் சொல்றாங்க.

வெளியூர் போக வீட்டுல சம்மதிச்சா ரூர்க்கி ஐஐடி. அங்கே நீர்வள மேம்பாட்டுத் துறை 1955லயே ஆசிய, ஆப்பிரிக்க நாட்டுப் பொறியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினது. நீரியலுக்குத் தனித்துறை 1972ல இருந்து இருக்கு. வெளிநாடுன்னா நெதர்லாந்தில் டெல்ஃப்ட். 1953ல கடல் பொங்கி 1,800 பேருக்கு மேல செத்த நாடு அது. 1957ல இருந்து வளரும் நாட்டுப் பொறியாளர்களுக்கு அங்கே தண்ணீர்ப் படிப்பு நடக்குது. உதவித்தொகை கிடைச்சா மட்டும் யோசிங்க, செலவு தாங்காது.

கேட் தேர்வுல 2021ல இருந்து சுற்றுச்சூழலுக்குத் தனித் தாள் வந்திருக்கு. சூழலியலுக்கும் தாள் உண்டு. மீட்புப் பணி பக்கம் போகணும்னா அதையும் பாருங்க.

வேலையை உடனே விடாதீங்க. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல நீர் அறுவடை, மேலாண்மைக்கு ஒரு சான்றிதழ்ப் படிப்பு உண்டு. இந்தப் பருவத்துல சேர்க்கை இருக்கான்னு அறிவிப்பைப் பார்த்துக்கோங்க. மத்திய அரசோட ஸ்வயம் இணையத்தளத்துல ஐஐடி பேராசிரியர்கள் எடுக்குற நீரியல் பாடங்களை இலவசமா கேக்கலாம். வரைபடம் போடுற கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். ராத்திரி ஒரு மணி நேரம் ஒதுக்கினா மூணு மாசத்துல கை வந்துடும்.

கடைவரம்பு | மார்ச் 10, காலை 5.50

பிள்ளே, படி. வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. எனக்க வயல் அகஸ்தீஸ்வரம் தாலுகாவுல, பாசனச் சானலோட கடைசி மடையில. பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடின்னு பேப்பர்ல தினமும் போடுவான். அணை நிறைஞ்சு கிடக்கும், எனக்க மடையில தவளை கத்தும். இதுக்கு எந்தப் படிப்புல விடை இருக்கு?

ஜூன் 1 அன்னைக்கு முதல் போகம் கன்னிப்பூவுக்குத் தண்ணி திறப்பாங்க. புத்தன் அணைக்கு வந்து, அங்கேயிருந்து தோவாளை சானல், அனந்தனாறு, நாஞ்சில் புத்தனாறு, பத்மநாபபுரம் புத்தனாறுன்னு பிரியும். பாண்டியன் கால் வழியா பழையாத்துக்கும் ஒரு பங்கு போகும். மேல மடைக்காரன் ஒருத்தன் ரெண்டு மணி நேரம் கூடுதலா திறந்து வச்சா கீழ ஒருத்தனுக்கு நாத்து காயும். இது கம்ப்யூட்டர்ல தெரியாது. சானல்கரையில நடந்தாத்தான் தெரியும்.

மொதல்ல நட. மார்ச்சு, ஏப்ரல்ல சானல் வத்திக் கிடக்கும்போது நட. எங்கே கரை அரிச்சிருக்கு, எங்கே வீட்டுக் கழிவுக் குழாய் வந்து விழுது, எந்த ஷட்டருக்குப் பல் இல்ல, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தண்ணி வந்த பொறவு மூடிப் போயிரும்.

கல்குளம்_ஓய்வு | மார்ச் 10, பிற்பகல் 3.15

நான் பாசனப் பிரிவில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, ஓய்வு பெற்றவன். கடைவரம்பு அண்ணாச்சி சொன்னது சரி. கிண்டித் தம்பி சொன்னதும் சரி. ஆனால் அம்மா, நான் செய்த ஒரு தவறை உனக்குச் சொல்ல வேண்டும். எந்தப் பாடத்தையும்விட அது உனக்கு உதவும்.

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு குளம் தூர்வாரும் வேலை என் பொறுப்பில் வந்தது. கரையைப் பலப்படுத்த மண் வேண்டும், குளத்திலும் மண் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று கரைக்கு ஒட்டியே தோண்டி, அந்த மண்ணைக் கரைமேல் போட்டோம். அளவுப் புத்தகத்தில் கன மீட்டர் கச்சிதமாக இருந்தது. அடுத்த வடகிழக்குப் பருவமழையில் கரையின் உட்சரிவு முப்பது அடி நீளத்துக்கு வழுக்கி உள்ளே இறங்கிவிட்டது. பாதத்தை வெட்டிவிட்டு மேலே பாரம் ஏற்றினால் கரை எப்படி நிற்கும்? கரையின் பாதத்திலிருந்து தள்ளித்தான் மண் எடுக்க வேண்டும் என்பது அங்கே மண்வெட்டி பிடித்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. நான் கேட்கவில்லை. அவர்களும் இந்த இளைஞனிடம் சொல்லத் தயங்கினார்கள்.

இரண்டாவது தவறும் அதே குளத்தில்தான். மடையின் அடிமட்டமான மடைத்தளத்துக்குக் கீழே நான்கு அடி தோண்டினோம். கொள்ளளவு கூடியது என்று பலகை வைத்தார்கள். மடைத்தளத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு ஏறாது. மீனுக்கு ஆகும், கோடையில் நிலத்தடிக்கு ஆகும், அது வேறு நன்மை. ஆனால் அந்தக் குளத்துப் பாசனத்தில் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரர்களிடம் "உங்களுக்குத் தண்ணீர் கூடும்" என்று சொன்னது பொய்யாகிப் போனது. அந்தக் குளத்தின் உண்மையான நோய் வரத்துக்காலில் இருந்தது. வரத்துக்கால் அடைபட்ட குளத்தை எவ்வளவு ஆழம் வெட்டினாலும் வெறும் பள்ளம்தான்.

அதன்பிறகு திருச்சி துவாக்குடியில் பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையத்துக்கு என்னை அனுப்பினார்கள். 1984இல் தொடங்கியது. பொறியாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் பயிற்சி தரும் இடம். அங்கே என்னை மிகவும் மாற்றியது ஒரு சின்னக் கணக்கு. நொடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு முழு நாள் தண்ணீர் ஓடினால், ஏறக்குறைய இரண்டு ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மடையின் முன் நின்றால், இந்தத் தண்ணீர் எத்தனை பேருக்குப் போதும் என்று வாயாலேயே சொல்லிவிடலாம்.

ஓட்டத்தை அளக்கக் கருவியே வேண்டாம். சானலில் நேரான இடமாகப் பார்த்துப் பத்து மீட்டர் குறித்துக்கொள். ஓர் ஆரஞ்சுப் பழத்தைப் போட்டு எத்தனை நொடியில் கடக்கிறது என்று பார். மேற்பரப்பு வேகம் அடிநீரைவிடக் கூடுதல் என்பதால் 0.85ஆல் பெருக்கு. நீரின் அகலம், ஆழத்தோடு பெருக்கினால் ஓட்டம் வந்துவிடும். ஐந்து முறை செய்து சராசரி எடு.

நீர்க்கோழி | மார்ச் 10, இரவு 8.30

நான் சுசீந்திரம் பக்கம் பள்ளி ஆசிரியை. மாணவர்களோடு பல வருஷமா குளத்துப் பறவைகளைக் கணக்கெடுத்துட்டு வர்றேன். இதுவரை பேசினவங்க எல்லாரும் தண்ணீரைப் பத்திப் பேசினீங்க. மீட்புன்னு தங்கச்சி கேட்டாளே, அதைப் பத்தி நான் சொல்றேன்.

சுசீந்திரம்-தேரூர் ஈரநிலத் தொகுதி 94.23 ஹெக்டேர், வேம்பனூர் 19.75 ஹெக்டேர். ரெண்டுமே 2022ல, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேர்ந்தது. பட்டியல்ல பேர் வந்தா போதாது, அந்த இடத்தைப் பராமரிக்கத் திட்டம் எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும். சூழல் மீட்புக்கு உலக அளவில ஒரு சங்கம் இருக்கு. 2017ல இருந்து அதுல தேர்ந்தவங்களுக்குத் தகுதிச் சான்று கொடுக்காங்க. அந்தத் துறையில முதல் கேள்வி: நீ எதை முன்மாதிரியா வச்சு மீட்கப் போறே? கெட்டுப்போகாத காடு பக்கத்துல இருந்தா அதைப் பார்த்துக் காட்டை மீட்கலாம். வால்பாறையில தேயிலைக்கு நடுவுல துண்டு துண்டாக் கிடக்குற மழைக்காட்டை அப்படித்தான் மீட்கிறாங்க.

நம்ம குளத்துக்கு எது முன்மாதிரி? அது மனுஷன் வெட்டினது. கரை கட்டி, மடை வச்சு, முறை வச்சுத் தண்ணி பாய்ச்சினாங்க. அந்த முறைக்குள்ளதான் பறவையும் மீனும் வந்து குடியேறிச்சு. அதனால இங்கே குளத்தை மீட்கணும்னா அந்தத் தண்ணி முறையையும் சேர்த்துத்தான் மீட்கணும். இதைச் சொல்லித்தர்ற பாடத்திட்டம் வெளியில இருந்து வராது, நாமதான் எழுதணும்.

தூர்வாரும்போது கரையைச் சுத்திச் செங்குத்தா வெட்டிடுறாங்க. முழங்கால் ஆழத் தண்ணி இருக்குற ஓரச்சரிவு போயிடுது. பவளக்கால் உள்ளானும் கொக்கும் இரை தேடுறது அந்த ஓரத்துல. அந்தச் சரிவை விட்டு வைக்கணும்னு வேலை தொடங்கும்போது ஒருத்தர் சொன்னா போதும். சொல்ல ஆள் இல்ல.

கடைவரம்பு | மார்ச் 11, காலை 6.10

டீச்சர், கோவிச்சுக்காதீங்க. பறவைக்காகக் குளத்தை வத்த விடுங்கன்னு சொல்லிறாதீங்க. எங்க பக்கம் ஒரு குளத்துல அப்படி ஒரு பேச்சு வந்து பெரிய சண்டையாச்சு. தண்ணி நின்னாத்தான் கும்பப்பூ கரை ஏறும்.

நீர்க்கோழி | மார்ச் 11, மாலை 6.45

அண்ணாச்சி, வத்த விடச் சொல்லல. பதினோரு வருஷக் கணக்கு நோட்டை எடுத்து வச்சுட்டுச் சொல்றேன். நவம்பர், டிசம்பர்ல குளம் நிறைஞ்சு நிக்கும்போது ஊசிவால் வாத்து வரும். தாமரை இலைமேல இலைக்கோழி நடக்கும். பிறகு நீங்க கும்பப்பூவுக்குத் தண்ணி எடுக்க எடுக்க மட்டம் இறங்கும். பிப்ரவரியில சேறு வெளியில தெரியும். வடக்கே இருந்து வந்த உள்ளான் கூட்டம் ஊர் திரும்புறதுக்கு முன்ன அந்தச் சேத்துலதான் வயிறு நிரப்பும். நீங்க பாய்ச்சுற முறையே அதுங்களுக்குப் பந்தி. நீங்க விவசாயத்தை விட்டுட்டா குளம் வருஷம் முழுக்க ஒரே மட்டத்துல நிக்கும், ஆகாயத்தாமரை மூடும். அப்புறம் பறவையும் வராது.

கடைவரம்பு | மார்ச் 11, இரவு 9.20

பிப்ரவரியில சேத்துல கூட்டமா வந்து இறங்குமே, அதா? நான் சின்ன வயசுல இருந்து பாக்கேன். அது எங்க தண்ணிமுறையோட சேர்ந்து வருதுன்னு நெனச்சதே இல்ல, டீச்சர். நீங்க சொன்ன பொறவுதான் ஓர்மை வருது, அறுப்புக்கு முன்னதான் வரும்.

தாமரை பறிக்கக் குளத்தைக் குத்தகைக்கு விடுறதைப் பத்தியும் எழுதுங்க. குளம் முழுக்க இலை மூடிட்டா மடை திறக்கக் குத்தகைக்காரன் சம்மதம் கேக்க வேண்டியிருக்கு.

மேக்க_மல | மார்ச் 12, காலை 7.30

எல்லாரும் நாஞ்சில் நாட்டுக் குளத்தையே பேசுதீங்க. விளவங்கோடு, திருவட்டாறு பக்கமும் இந்த மாவட்டம்தான். எங்களுக்கு மலைச்சரிவு. மலைச்சரிவுக்கு நடுவுல உள்ள வயலான ஏலாவுல நெல் இருந்த காலத்துல மலையில பெய்யுற மழை வயல் வயலா நின்னு இறங்கும். இப்போ ஏலாவுல வாழை, தென்னை, வீடு. மேல ரப்பர். மழை பெஞ்சா ஒரு மணி நேரத்துல ஆறு செம்மண் நிறமாயிரும்.

2017 ஒக்கி புயல்ல ரப்பர் சாஞ்சு தோட்டம் தோட்டமாப் போச்சு. மறுபடி நட்டப்போ சரிவுக்குக் குறுக்கா மேடை வெட்டி, மழைக்குழி எடுத்துச் செஞ்சவங்க தோட்டத்துல மண் நிக்குது. நேர்கீழா வரிசை போட்டவங்க தோட்டத்துல வேர் வெளியில தெரியுது. ஓடைக்கரையில கைதைச்செடி வச்ச எடமும் அரிக்காம நிக்குது, உங்க பக்கம் தாழைன்னு சொல்வீங்க. மோளே, நீ படிக்கும்போது மலைமண்ணையும் படி. கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்துல சேர்ந்து தேங்காப்பட்டணத்துல கடலைத் தொடுது. மேலே மண் கரைஞ்சா கீழே ஆறு கடல்ல சேருற பொழிமுகம் தூரும். வறட்சியில ஆத்துக்குள்ள உப்புத்தண்ணி ஏறும், அதுக்குத்தான் பரக்காணியில தடுப்பணை கட்டவேண்டி வந்தது.

தோவாளை_அக்கா | மார்ச் 12, இரவு 10.00

பிழைப்பு பத்திக் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. நான் மழைநீரையும் மண்ணையும் காக்குற நீர்வடிப்பகுதித் திட்டங்கள்ல ஒன்பது வருஷம் களப்பணி பார்த்தவ. உள்ளதைச் சொல்லுதேன்.

அரசு வேலைன்னா டிஎன்பிஎஸ்சி தொழில்நுட்பப் பணித் தேர்வு. சிவில் படிச்சவங்க நீர்வளத்துறை உதவிப் பொறியாளர் ஆகலாம். 2021ல அது பொதுப்பணித்துறையில இருந்து பிரிஞ்சு தனித்துறை ஆச்சு. வேளாண் பொறியியல் துறைப் பணிக்கு அந்தப் பட்டம் வேணும், அது குமுளூர்லயும் கோவையிலயும் கிடைக்கும். உனக்கு அது வேண்டாம். தேர்வுக்குப் படிக்க ரெண்டு வருஷம் வச்சுக்கோ.

தொண்டு நிறுவனத்துல, திட்டப்பணியில சம்பளம் குறைவு. திட்டம் முடிஞ்சா வேலையும் முடியும். மூணு தடவை எனக்கு அப்படி நடந்துருக்கு. ஆனா வரைபடம் போடத் தெரிஞ்சு, கருவி வச்சு உயர மட்டம் எடுக்கத் தெரிஞ்சு, ஆயக்கட்டுக்காரங்ககிட்ட உக்காந்து பேசவும் தெரிஞ்ச பொண்ணு ரொம்பக் குறைவு. மூணும் இருந்தா உன்னைத் தேடி வருவாங்க.

அம்மா பயப்படுவாங்க, குளத்தங்கரையில பொம்பளப்பிள்ளை தனியா நடக்கான்னு. எனக்க அம்மாவும் பயந்தா. நான் போற ஊர்ல எல்லாம் மொதல்ல நூறுநாள் வேலைக்கு வர்ற அக்காமார்கிட்ட போய் உக்காருவேன். குளத்தைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்ச அளவு யாருக்கும் தெரியாது, பதினஞ்சு வருஷமா தூர்வாருறது அவங்கதான். அவங்க கூட இருக்குற வரைக்கும் யாரும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

2007ல வந்த குளங்கள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தையும், 2000த்துல வந்த பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தையும் படிச்சு வை. தமிழ்ல கிடைக்கும். பொறியியல் படிச்ச பிள்ளைங்க சட்டத்தைத் தொடுறதே இல்ல.

வயல்கரைமகள் | ஜூலை 20, இரவு 10.15

நாலு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. எழுதுற மாதிரி ஏதாவது செஞ்ச பிறகுதான் வரணும்னு இருந்தேன்.

அந்த வேலையை விட்டுட்டேன். இப்போ ஒரு சர்வே அலுவலகத்துல இருக்கேன், சம்பளம் குறைவு, ஆனா மட்டம் பாக்குற கருவி ஞாயித்துக்கிழமை இரவல் கிடைக்கும். கேட் தேர்வுக்குப் படிச்சிட்டிருக்கேன். கிண்டி அண்ணன் அனுப்பின பழைய வினாத்தாள் எல்லாம் போட்டுப் பாத்துட்டேன்.

ஏப்ரல், மே ரெண்டு மாசமும் எங்க ஊரைச் சுத்தி நடந்தேன். மொத ரெண்டு வாரம் அப்பா கூட வந்தாரு, அப்புறம் நூறுநாள் வேலை அக்காமார். ஒண்ணோட மறுகால் இன்னொண்ணுக்கு வரத்தா நாலு குளம் தொடர்ச்சியா இருக்கு. நாலையும் கியூஜிஐஎஸ்ல வரைஞ்சு, மடைத்தளம், மறுகால் தளம் ரெண்டுக்கும் மட்டம் எடுத்தேன். ஆரஞ்சுப் பழம் வச்சு ஜூன்ல ஓட்டமும் அளந்தேன் சார். மேல் மடையில நொடிக்கு மூணு கன அடி, அதே கிளையோட கடைசி மடையில ஒண்ணுகூட இல்ல. நடுவுல ரெண்டு இடத்துல கரை கசியுது, அதையும் குறிச்சிருக்கேன்.

அப்பா கேட்ட கேள்விக்கு விடை மூணாவது குளத்துல கிடைச்சது. மறுகாலுக்குக் கீழே ஒரு சாலை போகுது. அதுக்கு அடியில இருக்குற சின்னப் பாலத்தோட தளம், மறுகால் தளத்தைவிட 22 சென்டிமீட்டர் உசரம். மறுகால் ஓடை பன்னிரண்டடி அகலம், பாலத்தோட வாய் நாலடி. தண்ணி தாண்ட முடியாம பின்னால ஏறி எங்க வயலுக்கு வந்திருக்கு. மூணு தடவை மட்டம் எடுத்தேன், மூணு தடவையும் அதே அளவு. அப்பாவைக் கூட்டிட்டுப் போய் அளவுகோலைப் பிடிக்கச் சொல்லிக் காட்டினேன். ரொம்ப நேரம் பாலத்தையே பாத்துட்டு நின்னாரு.

இதை மனுவா எழுதிக் கொடுக்கணும். ஓடையோட பழைய அகலம் பன்னிரண்டடிதான்னு காட்டப் பதிவேடு வேணும். இப்போ உள்ள நில அளவைப் புலப்படத்துல அது ஒத்தக் கோடா இருக்கு. திருவிதாங்கூர் காலத்துப் பதிவேட்டு நகல் ஒண்ணு கிடைச்சது, முழுக்க மலையாளம். எனக்கு வாசிக்கத் தெரியாது. யாராவது உதவ முடியுமா?

கடைவரம்பு | ஜூலை 21, காலை 5.40

மூணுக்கு ஒண்ணுகூட இல்லியா? இருபது வருஷமா இதை வாயால சொல்லிட்டிருக்கேன். அந்தக் கணக்கை எனக்கு எழுதித் தா பிள்ளே, சங்கத்துக் கூட்டத்துல வைக்கணும். கரை கசியுற எடத்தையும் குறிச்சுத் தா, நாங்க ஆள் சேர்த்து அடைக்கோம்.

நீர்க்கோழி | ஜூலை 21, பிற்பகல் 1.20

மனுவுல பாலத்தைத் தாழ்த்தக் கேக்கும்போது, மறுகால் தளத்தைத் தொட வேண்டாம்னு தெளிவா எழுது. மறுகாலை இடிச்சு இறக்குறது சுலபம்னு அதைச் செஞ்சுட்டாங்கன்னா குளத்துல தண்ணியே நிக்காது. நாலு குளத்துலயும் நவம்பர்ல பறவைக் கணக்கு எடுக்க எங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றேன்.

கல்குளம்_ஓய்வு | ஜூலை 21, இரவு 7.00

நான் நாலாம் வகுப்பு வரை மலையாளத்தில்தான் படித்தேன் அம்மா. 1956இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகுதான் தமிழ்ப் பள்ளிக்கூடம். பழைய கையெழுத்து கொஞ்சம் சிரமம், ஆனால் வாசித்துவிடுவேன். ஓடையின் அகலம் அடியிலும் இருக்கலாம், பழைய அளவான கோலிலும் இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நகலைப் படம் எடுத்து அனுப்பாதே, எழுத்து கலங்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அந்தப் பாலத்துக்கே வருகிறேன். பதிவேட்டையும் நீ எடுத்த மட்டக் குறிப்பையும் கொண்டு வா. முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொள், மறுகால் புல்லில் பாம்பு இருக்கும். அப்பாவையும் அழைத்து வா. 2021இல் தண்ணீர் எந்த வரப்பு வரை ஏறியது என்று அவரிடம் கேட்டு ஒரு முளை அடித்து வைக்க வேண்டும்.